குளித்த நாளா, வந்த நாளா?

எங்கள் பாட்டி யாரையும் ‘கர்ப்பமாக இருக்கிறாள்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. “அவ முழுகாம இருக்கா” என்பதுதான் பாட்டியின் பேச்சு. சின்ன வயதில் எனக்கு இது பெரிய புதிர். காவிரியில் தண்ணீர் வந்தால் ஊரே போய் முழுகிவிட்டு வருகிற இடத்தில், ஒருத்தி முழுகாமல் இருப்பதற்கு எதற்கு இத்தனை சந்தோஷம், எதற்கு வீட்டில் பலகாரம்? வயதுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. மாதவிலக்கு முடிந்து தலைக்கு முழுகும் குளியல் இருக்கிறதே, அது அந்த மாதம் நடக்கவில்லை. அவ்வளவுதான் சேதி.

கர்ப்பம் பார்க்கும் கார்டும் அதில் விழும் கோடும் வருவதற்கு முன்னால் நம் பெண்களிடம் இருந்த பரிசோதனை இது ஒன்றுதான். அதனால் நாள் கணக்கும் குளியலிலிருந்துதான் ஓடியது. இந்தக் கணக்கை நம்பி நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எனக்குக் கல்யாணம் வைகாசியில். தேதி குறித்த அன்றே அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, முகூர்த்தத்தன்று எனக்குத் தூரம் வந்துவிடும் என்று டாக்டரிடம் கூட்டிப்போய், தள்ளிப் போடும் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். மறுவீடு முடிந்து மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள் வந்தது. அதற்கு அடுத்தது ஜூன் 29. ஆடி பிறப்பதற்கு முந்தின நாள், ஜூலை 16 அன்று, அப்பா வந்து என்னைத் திருச்சிக்கு அழைத்துப் போய்விட்டார். புதுப்பெண் ஆடியில் புருஷனோடு இருக்கக் கூடாது. ஆடியில் தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவம் என்று அதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். இவர் தஞ்சாவூரில், நான் உறையூரில். நடுவில் அறுபது கிலோமீட்டர்தான். நிமிடத்துக்கு ஒரு பஸ் போனாலும் இவர் அதில் ஏறக் கூடாது.

எனக்கு வழக்கமாக 29, 30 நாளில் வந்துவிடும். ஜூலை 28 வந்தது, அது வரவில்லை.

30-ஆம் தேதி எங்கள் தெருவை விட்டு மூன்று தெரு தள்ளி இருந்த மெடிக்கலுக்குப் போனேன். கூட்டம் குறையும் வரை இருமல் மருந்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “அண்ணா, அந்த டெஸ்ட் பண்ற கார்டு ஒண்ணு” என்றேன். அவர் அதைச் செய்தித்தாளில் சுற்றி, அதைக் கறுப்பு கவரில் போட்டு, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கொடுத்தார். கழுத்தில் புது மஞ்சள் கயிறு தெரிய நின்ற எனக்கே இந்த மரியாதை. கயிறு இல்லாத பெண் போய் நின்றால் என்ன பார்வை கிடைக்கும் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை, பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஒரு கோடு, அதாவது இல்லை. இரண்டு கோடு வந்தால்தான் கர்ப்பம். ஆகஸ்ட் 1 அன்று இன்னொரு கார்டு, அதிலும் ஒரு கோடு.

ஆடிப்பெருக்கு அன்று அத்தை தஞ்சாவூரிலிருந்து வந்தார். அம்மா மண்டபம் படித்துறையில் கூட்டம். குளித்துவிட்டு ஈரத்தலையோடு கயிறு மாற்ற உட்கார்ந்திருக்கிறேன். அத்தை என் காதருகே குனிந்து, “தலைக்குக் குளிச்சியாம்மா?” என்றார்.

“எல்லாரும்தானே அத்தை குளிச்சோம்.”

“நான் அதைக் கேக்கல.”

நான் பதில் சொல்லாததே அவருக்குப் போதுமான பதிலாக இருந்தது. சாயங்காலத்துக்குள் பெரியம்மா வீட்டிலிருந்து “விசேஷமாமே?” என்று போன். மறுநாள் நாடி பார்க்கத் தெரிந்த ஒரு பாட்டி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு, ரெட்டை நாடி ஓடுகிறது என்று சொல்லிவிட்டார். குளியலறையில் என்னுடைய மூன்றாவது கார்டு ஒற்றைக் கோட்டோடு கிடந்தது. எனக்கு அந்தப் பாட்டியையும் நம்ப முடியவில்லை, கார்டையும் நம்ப முடியவில்லை.

ஆகஸ்ட் 7 அன்று நான்காவது கார்டும் ஒற்றைக் கோடு காட்டியதும் அம்மா என்னை டாக்டரிடம் கூட்டிப் போனாள். வயதான பெண் டாக்டர். மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, “கடைசியா எப்போ?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, “ஆனி பதினெட்டு” என்றாள்.

“அது குளிச்ச நாளா, வந்த நாளா?”

“குளிச்ச நாள் டாக்டர்.”

“எனக்கு வந்த நாள் வேணும்மா.”

நமக்கும் மருத்துவத்துக்கும் நடுவே காலங்காலமாக இருக்கும் இடைவெளி அது. உதிரம் கண்ட முதல் நாள்தான் அவர்களுக்குக் கணக்கின் முதல் நாள். நாமோ மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ தலைக்கு ஊற்றிக்கொண்ட நாளை நினைவில் வைத்திருக்கிறோம். ஒரு வீட்டில் மூன்று நாள், இன்னொரு வீட்டில் ஐந்து. நர்ஸ்களே “கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சீங்க?” என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். கூச்சப்படாமல் கேட்க நல்ல வழிதான். கணக்கு மட்டும் நாலு நாள் தவறிவிடும்.

பிறகு டாக்டர் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, “கடைசியா ரெண்டு பேரும் எப்போ சேர்ந்திருந்தீங்க?” என்று கேட்டார். ஜூலை 16-க்குப் பிறகு வழியே இல்லை என்றேன். மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு கோடு போட்டு, ஒரு முனையில் 16, மறுமுனையில் 7 என்று எழுதினார். “இருபத்திரண்டு நாள் ஆச்சு. இன்னைக்குக் கார்டுல இல்லைன்னா, இல்லைதான். உனக்கு பீரியட் தள்ளிப் போகலை. முட்டைதான் தள்ளிப் போயிருக்கு. முட்டை வந்து ரெண்டு வாரத்துல பீரியட் தானா வரும். போய் நல்லா சாப்பிட்டுத் தூங்கு.”

ஆகஸ்ட் 14 அன்று வந்தது, 47-ஆம் நாள். பதினான்கு நாள் பின்னால் எண்ணினால் ஜூலை 31. நான் முதல் கார்டை வாங்கிய மறுநாள்தான் முட்டையே வெளியே வந்திருக்கிறது. அந்த நேரத்தில் இவர் அறுபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். ஒரு ஊரே எனக்குப் பிள்ளை உண்டாகிவிட்டதாகப் பேசிக்கொண்டிருந்தபோது, என் உடம்பு அந்த மாத வேலையின் முதல் பாதியை அப்போதுதான் முடித்திருந்தது.

இதைப் பள்ளியில் யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம். 28 நாள், நடுவில் 14-ஆம் நாள் முட்டை என்று ஒரு வட்டப் படம் போட்டார்கள், அவ்வளவுதான். உண்மையில் இந்தச் சுழற்சியின் இரண்டு பாதிகளும் ஒரே மாதிரி இல்லை. முதல் பாதி ரப்பர், இரண்டாம் பாதி கயிறு. சினைப்பையில் முட்டை முதிர்ந்து வெளியே வரும் வரைக்குமான முதல் பாதி பத்து நாளிலும் முடியலாம், முப்பது நாளுக்கும் இழுக்கலாம். முட்டை வந்த பிறகு, அது விட்டுப்போன இடத்தில் உருவாகும் மஞ்சள் நிறத் திசு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து கருப்பையின் உள்சுவரைத் தாங்கிப் பிடிக்கிறது. கரு வந்து தங்கவில்லை என்றால் கிட்டத்தட்ட இரண்டு வாரத்தில் அந்தத் திசு சுருங்கிவிடும். தாங்கிய கை விலகியதும் உள்சுவர் உதிர்ந்து வருவதுதான் மாதவிலக்கு. ஆளுக்கு ஆள் இரண்டு மூன்று நாள் முன்னே பின்னே இருந்தாலும், ஒருத்திக்கு அந்தப் பின்பாதி பெரிதாக மாறாது. 28 நாள்காரிக்கு 14-ஆம் நாள் முட்டை வந்தால், 35 நாள்காரிக்கு 21-ஆம் நாள். எனக்கு அந்த ஆடியில் 33-ஆம் நாள்.

ஆகவே ‘தள்ளிப் போயிருக்கிறது’ என்று நாம் கவலைப்படுகிற நாளில் எதுவும் தப்பாக நடப்பதில்லை. நடந்தது எல்லாம் அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால். அந்த வாரங்களில் எனக்கு என்ன நடந்தது? கல்யாண அலைச்சல், விருந்து அலைச்சல், பாதி ராத்திரி வரை தூக்கமில்லை. புகுந்த வீட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்கக் கூச்சப்பட்டு இரண்டு மாதத்தில் நான்கு கிலோ இறங்கியிருந்தேன். முட்டையை விடச் சொல்லி உத்தரவு வருவது மூளையிலிருந்து. சாப்பாடு குறைகிறது, தூக்கம் கெடுகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால், இது பிள்ளை பெறும் நேரமில்லை என்று மூளை அந்த உத்தரவைத் தள்ளிப் போடுகிறது. பரீட்சை மாதத்தில் ஹாஸ்டல் பெண்களுக்குத் தள்ளிப் போவதும் இப்படித்தான். தைராய்டு, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன், ஊரில் பி.சி.ஓ.டி. என்று சொல்லும் சினைப்பைப் பிரச்சினை, சில மாத்திரைகள், பால் கொடுக்கும் காலம் எல்லாம் வெவ்வேறு வழியில் இதே இடத்தில்தான் கை வைக்கின்றன.

தள்ளிப் போனதை வர வைக்க என்று பப்பாளி, எள்ளும் கருப்பட்டியும், அன்னாசி எல்லாம் எங்கள் வீட்டிலும் உண்டு. எள்ளுருண்டையை நான் குறை சொல்ல மாட்டேன், தின்ன நன்றாக இருக்கும். ஆனால் முட்டையே வராத மாதத்தில் அது எதைக் கீழே இறக்கும்? மூன்று நாள் எள் தின்று நான்காம் நாள் வந்தால், அது ஏற்கனவே பாதி வழி வந்துவிட்டது என்று அர்த்தம்.

மொத்தத்தில் பெரியவர்களுக்கு 21 நாளிலிருந்து 35 நாள் வரை வருவது சாதாரணம். இப்போது 38 வரைகூடச் சரி என்கிறார்கள். வயதுக்கு வந்து இரண்டு மூன்று வருடம் ஆகாத பிள்ளைகளுக்கு 45 நாள் ஆனாலும் பயப்பட வேண்டியதில்லை. போனில் இருக்கும் செயலி ‘3 நாள் தாமதம்’ என்று சிவப்பில் காட்டுகிறதே, அது உங்கள் முட்டையைப் பார்த்துவிட்டுச் சொல்வதில்லை. பழைய மாதங்களைக் கூட்டி வகுத்துச் சொல்கிறது. எங்கள் அத்தை தினசரிக் காலண்டர் தாளின் மூலையில் பேனாவால் வைத்த புள்ளியும் அதே வேலையைத்தான் செய்தது.

சரி, கார்டுக்கு வருவோம். நான் வீணடித்த முதல் கார்டு ஏன் வீண் என்பதைப் புரிந்துகொள்ள முட்டையின் பின்னாலேயே போக வேண்டும்.

வெளியே வந்த முட்டை ஒரு நாள்தான் தாங்கும். விந்தணு ஐந்து நாள் வரை உள்ளே காத்திருக்கும். கரு உண்டானாலும் அது குழாயில் உருண்டு வந்து கருப்பையில் பதிய ஆறிலிருந்து பன்னிரண்டு நாள் ஆகும். பதியும் வரை தாயின் ரத்தத்துக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. பதிந்த பிறகுதான் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலந்து சிறுநீரில் இறங்குகிறது. மஞ்சள் திசுவிடம் ‘சுருங்காதே, நான் வந்துவிட்டேன்’ என்று சொல்வதும் அதுதான். அந்தத் தகவல் போய்ச் சேர்வதால்தான் குளியல் வராமல் போகிறது. முதலில் துளியாக இருந்து, கிட்டத்தட்ட இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். மெடிக்கலில் கிடைக்கும் சாதாரணக் கார்டுகள் பெரும்பாலும் ஒரு மில்லி சிறுநீரில் 25 மில்லி யூனிட் இருந்தால்தான் கோடு காட்டும். பதிந்த அன்றே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் என்பவரின் குழு தினமும் சிறுநீர் சேகரித்துக் கொடுத்த பெண்களை வைத்து இதைக் கணக்குப் பார்த்தது. பிழைத்து நின்ற கர்ப்பங்களில் 84 சதவீதம் முட்டை வந்த எட்டு, ஒன்பது, பத்தாம் நாளில் பதிந்திருந்தன. 2001-இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு கணக்குதான் எனக்கு மிகவும் பிடித்தது. பீரியட் வர வேண்டிய நாளில், கர்ப்பமான பெண்களில் பத்தில் ஒருத்திக்கு கரு இன்னும் பதிந்தே இருக்காது. உலகத்திலேயே உசத்தியான கார்டை வாங்கினாலும் அன்றைக்கு 90 சதவீதத்துக்கு மேல் பிடிக்க முடியாது, இல்லாததை எப்படிக் காட்டும்? ஒரு வாரம் பொறுத்தால் 97 சதவீதம். பெட்டியின் மேல் ‘99 சதவீதம் துல்லியம்’ என்று போட்டிருப்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதிலிருந்து எனக்கு நானே போட்டுக்கொண்ட கணக்கு எளிது. மாதா மாதம் ஒழுங்காக வருகிறவள், வர வேண்டிய நாள் கழிந்து ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தால் ஒரு கார்டு போதும். பொறுமை இல்லை என்றால் அன்றைக்கே பார்க்கலாம், இரண்டு கோடு வந்தால் சரி, ஒரு கோடு வந்தால் அது பதில் இல்லை, ஒரு வாரம் கழித்து இன்னொன்று. முப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே எப்போது வேண்டுமானாலும் வரும் என்கிற பி.சி.ஓ.டி. பெண்களுக்கு ‘வர வேண்டிய நாள்’ என்று ஒன்று கிடையாது. அவர்கள் என் டாக்டர் போட்ட கோட்டைத்தான் போட வேண்டும், கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள். அதற்குப் பிறகு இல்லை என்று காட்டினால் நம்பலாம்.

காலையில் முதல் சிறுநீர் என்று சொல்வதற்குக் காரணம் ராத்திரி முழுக்கத் தேங்கிக் கெட்டியாக இருக்கும் என்பதுதான். நன்றாகத் தள்ளிப்போன பிறகு மத்தியானம் பார்த்தாலும் காட்டும். ஆனால் கோடு தெரிய வேண்டும் என்று ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு உட்காராதீர்கள், நீர்த்துப்போகும். கார்டின் மேலேயே காலாவதித் தேதி இருக்கும், பாருங்கள். எத்தனை சொட்டு, எத்தனை நிமிடம் என்று உறையில் எழுதியிருப்பதை அப்படியே செய்யுங்கள். அரைமணி கழித்துக் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்துப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். நான் செய்திருக்கிறேன். காய்ந்துபோன கார்டில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் தெரியும், அது கோடு இல்லை. நேரத்துக்குள் பார்க்கும்போது நிறத்தோடு தெரிகிற கோடு, எவ்வளவு லேசாக இருந்தாலும், கோடுதான்.

அந்தச் சின்னத் துண்டுக்குள் நடப்பதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். சொட்டு விடுகிற குழியை அடுத்து, எச்.சி.ஜி.யை மட்டும் குறிபார்த்துப் பிடிக்கும் எதிர்ப்பான்கள் என்ற புரதங்கள், நிறத் துகள் ஒட்டிக் காய்ந்த நிலையில் காத்திருக்கின்றன. எச்.சி.ஜி. இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஈரத்தோடு காகிதத்தில் ஊர்ந்து போகும். ‘டி’ என்று போட்ட இடத்தில் ஒட்டிவைத்த இன்னொரு எதிர்ப்பான், எச்.சி.ஜி.யின் மறுபக்கத்தைப் பிடித்து நிறுத்திவிடும். துகள்கள் அங்கே குவிந்தால் கோடு. எச்.சி.ஜி. இல்லை என்றால் அங்கே நிற்காமல் போய் ‘சி’ கோட்டில் மட்டும் சேரும். ‘சி’ கோடே வரவில்லை என்றால் கார்டு கெட்டது, வேறு வாங்க வேண்டும். சர்க்கரை கட்டி தட்டினால் கர்ப்பம், பற்பசை நுரைத்தால் கர்ப்பம் என்று யூடியூபில் வருகிறதே, அதில் எச்.சி.ஜி.க்கு வேலையே இல்லை. பற்பசையில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் சிறுநீரின் புளிப்பும் சேர்ந்தால் யாருக்கும் நுரைக்கும், என் கணவருக்கும் நுரைக்கும்.

இந்த வேலைக்காக ஒரு காலத்தில் எலியையும் முயலையும் கொன்றார்கள். 1920-களின் கடைசியில் பெர்லினில் ஆஷைம், ஸோண்டெக் என்ற இரண்டு டாக்டர்கள் பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிக்கு ஊசி போட்டு, பிறகு அதை அறுத்துச் சினைப்பையைப் பார்த்தார்கள். அப்புறம் முயல், அப்புறம் ஆப்பிரிக்கத் தவளை. தவளைக்கு ஊசி போட்டால் சில மணி நேரத்தில் முட்டையிடும், கொல்லத் தேவையில்லை. அதற்கெல்லாம் வெகு முன்பே எகிப்தில் கோதுமையிலும் பார்லியிலும் சிறுநீர் விட்டு, முளைத்தால் கர்ப்பம் என்றார்களாம். படித்தபோது எனக்கு ஆடி மாத முளைப்பாரி ஞாபகம் வந்தது. வீட்டில் பெண்கள் தாங்களே பார்க்கலாம் என்று முதலில் ஒரு பெட்டியைச் செய்துகாட்டியவர் மார்கரெட் கிரேன். 1967-இல் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனியில் அழகுசாதனப் பெட்டிகளுக்கு வடிவம் போடச் சேர்ந்தவர் அவர், விஞ்ஞானி இல்லை. ஆய்வுக்கூடத்தில் வரிசையாக இருந்த சோதனைக் குழாய்களைப் பார்த்து, இதைப் பெண்களே வீட்டில் செய்யலாமே என்று நினைத்தார். டாக்டர்களின் வேலை போய்விடும் என்று கம்பெனியில் எதிர்த்தார்கள். அமெரிக்கக் கடைகளுக்கு அந்த மாதிரிப் பெட்டி வர இன்னும் பத்து வருடம் ஆனது. என் மெடிக்கல் அண்ணா சுற்றிக் கொடுத்த கறுப்பு கவரை நினைத்தால், அந்தத் தயக்கம் இன்னும் முழுசாகத் தீரவில்லை என்றுதான் தோன்றுகிறது. கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், ‘நிஷ்சய்’ என்ற பெயரில் அரசே இந்தக் கார்டை இலவசமாக வழங்குகிறது. உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு வருடம் கழித்து எனக்கு இரண்டாவது கோடு வந்தது. அப்போதும் இந்தக் கணக்குதான் என்னை அழவைத்தது.

நாற்பத்தைந்து நாள் ஆனால் ஸ்கேன் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். 45-ஆம் நாள் போனேன். அங்கே ஸ்கேன் பார்த்தவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், “பை மட்டும்தான் இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல. வளர்ச்சி பத்தாது” என்றார். எந்த சென்டர் என்று சொல்லப்போவதில்லை, அந்தக் குரல் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. வீடு வந்து சேரும் வரை இவர் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தார், நான் முதுகில் முகம் வைத்து அழுதுகொண்டே வந்தேன்.

மறுநாள் அதே பழைய டாக்டர். அறிக்கையைப் படித்துவிட்டு, “உனக்கு முட்டை லேட்டாகுறது உண்டே, மறந்துட்டியா?” என்றார். கர்ப்பத்தை வாரக் கணக்கில் எழுதும்போது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எழுதுவார்கள். 280 நாள், 40 வாரம். நான்கு வாரக் கர்ப்பம் என்று எழுதினால் அதில் முதல் இரண்டு வாரம் கர்ப்பமே கிடையாது, முட்டைக்காகக் காத்திருந்த நாட்கள். 14-ஆம் நாள் முட்டை வந்தவளுக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும். எனக்கு அந்த மாதம் 24-ஆம் நாள் வாக்கில் வந்திருந்தால், காகிதத்தில் ஆறு வாரத்தைத் தாண்டிய கரு உண்மையில் ஐந்து வாரத்தைத்தான் தொட்டிருக்கும். ஐந்து வாரத்தில் பை மட்டும்தான் தெரியும். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அந்தப் பதினான்கு நாளை நான் எப்படிக் கழித்தேன் என்பதற்குத் தனிப் பதிவு வேண்டும். போனேன். துடிப்பு இருந்தது. இன்று அந்தத் துடிப்பு ஒன்பதாம் வகுப்பு படிக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறது.

எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை. என் தோழி ஒருத்தி வர வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்பே கார்டு பார்த்தாள். லேசாகக் கோடு. ஐந்தாம் நாள் உதிரம். கரு பதிந்து, நிலைக்காமல், ஒரு வாரத்திலேயே போய்விட்டது. வில்காக்ஸ் குழுவின் 1988 ஆய்வில், பதிந்த கருக்களில் 22 சதவீதம் இப்படி டாக்டருக்குத் தெரிவதற்கு முன்பே கலைந்திருந்தன. பொறுத்திருந்து பார்க்கும் பெண்ணுக்கு அது ‘இரண்டு நாள் தள்ளி வந்த பீரியட்’ மட்டும். எங்கள் பாட்டிகளுக்கு இந்தத் துக்கமே தெரிந்திருக்காது. அவசரப்படாதே என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், எனக்கு அந்தத் தகுதி இல்லை. ஆனால் அந்தத் தோழிக்கு ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். நீ மாடிப்படி ஏறியதாலோ பப்பாளி தின்றதாலோ அது போகவில்லை. கருத்தரிப்பு சிகிச்சையில் இருப்பவர்களுக்கு வேறொரு சங்கடம் உண்டு. முட்டை வெடிக்க எச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தால், பத்து பதினான்கு நாள் வரை கார்டு அந்த ஊசியையே கோடாகக் காட்டக்கூடும்.

நான்கைந்து வருடம் முன்பு ராத்திரி பதினோரு மணிக்கு, ஆபீசில் எனக்கு ஜூனியராக இருந்த பெண் போன் செய்தாள். கல்யாணம் ஆகாதவள். “அக்கா, பத்து நாள் தள்ளிப் போயிருக்கு” என்று ஆரம்பித்து அழுதாள். மறுநாள் எழுந்திருக்க வேண்டாம் என்று இருக்கிறது என்றாள். முதலில் அவளைச் சாப்பிட வைத்தேன். அப்புறம் டாக்டர் போட்ட கோட்டைப் போட்டோம். சேர்ந்தது எப்போது? இருபத்தைந்து நாள் முன்பு. மறுநாள் அவசர கருத்தடை மாத்திரை போட்டிருக்கிறாள். அந்த மாத்திரையே பீரியடை ஒரு வாரம் வரை முன்னே பின்னே தள்ளும், அதுவே வேலை செய்வதும் பெரும்பாலும் முட்டையைத் தாமதப்படுத்தித்தான். 21 நாள் தாண்டிவிட்டதால் காலையில் ஒரு கார்டு போதும் என்றேன். கார்டை நான் வாங்கிக் கொடுத்தேன், கறுப்பு கவர் வேண்டாம் என்று சொல்லி.

ஒரு கோடு. அவள் சிரித்தாள். இரண்டு கோடு வந்திருந்தாலும் சொல்வதற்கு என்னிடம் செய்தி இருந்தது. 2021-இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டத்தின்படி இருபது வாரம் வரை, பதிவு பெற்ற மருத்துவரிடம், கல்யாணம் ஆகாதவளும் போகலாம். பதினெட்டு வயது முடிந்திருந்தால் அவள் கையெழுத்து போதும், அப்பா கையெழுத்தோ அவன் கையெழுத்தோ வேண்டாம். பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பதும் சட்டம்தான். மெடிக்கலில் யாரிடமோ சொல்லி மாத்திரை வாங்கி ஹாஸ்டல் பாத்ரூமில் தனியாகப் போட்டுக்கொள்வதுதான் ஆபத்து. இதை நான் அவளுக்குச் சொல்லி வைத்தேன், அவள் இன்னும் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாளோ.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. தள்ளிப் போயிருக்கும் நாட்களில் அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் தாங்க முடியாத வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றி மயக்கம், கொஞ்சமோ அதிகமோ உதிரம் என்றால் கார்டு, கணக்கு, கோடு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். கரு குழாயிலேயே தங்கி வளர்ந்தால் இப்படி ஆகும். நூறு கர்ப்பத்தில் ஒன்றோ இரண்டோதான், ஆனால் குழாய் வெடித்தால் மணி நேரக் கணக்கில் உயிர் போய்விடும். மற்றபடி கார்டு இல்லை என்று சொல்லியும் மூன்று மாதமாக வரவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும். மெடிக்கலில் ‘வர வைக்கிற மாத்திரை’ கேட்டு வாங்குவது அதற்கு மாற்று இல்லை.

இப்போது எனக்கு நாற்பத்து நான்கு. போன மாதம் மறுபடி தள்ளிப் போனது. 38, 40, 41 என்று போய்க்கொண்டே இருந்தது. இந்த வயதில் எதற்குக் கார்டு என்று நானே நினைத்தேன், பிறகு நானே என்னைத் திட்டிக்கொண்டேன். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக நாற்பத்தாறு நாற்பத்தேழு வாக்கில் நிற்கிறது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் நின்றது என்று கணக்கு, அதுவரை முட்டை எப்போது நினைத்தாலும் வரும். அதே மெடிக்கலுக்குப் போனேன். அந்த அண்ணாவின் மகன் உட்கார்ந்திருந்தான். கார்டை அப்படியே எடுத்து, கவர் இல்லாமல், சில்லறையோடு கையில் கொடுத்தான்.

ஒரு கோடு. குப்பையில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். எழுபத்தைந்து வயது அத்தை முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் கேட்காமலே நிமிர்ந்து பார்த்து, “என்னம்மா, நின்னுடுச்சா?” என்றார்.

ஆடிப்பெருக்கு அன்று கேட்ட அதே குரல். அன்றைக்கு ‘நின்னுடுச்சா’ என்றால் ஒரு அர்த்தம், இன்றைக்கு வேறு அர்த்தம், வார்த்தை மட்டும் ஒன்றுதான். “தெரியல அத்தை” என்றேன்.

“வந்த நாளைக் குறிச்சு வெச்சிருக்கியா?” என்று கேட்டுவிட்டு அவர் கீரைத்தண்டை ஒடிக்க ஆரம்பித்தார்.